இரண்டாவது போட்டோ

12 ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்கு ஒன்றும் சொல்லாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "எல்லாம் திருட்டுப் பசங்கம்மா, ஜெயிச்சுட்டு சபைக்கே போறதில்ல, எவனுக்கு ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகுது, அடுத்த வருஷ எலெக்‌ஷனுக்கும் நான் வரல" என்றாய். போன வருஷம் ஏப்ரல் 19ஆம் தேதியும் நீ வரவில்லை. பெங்களூரில் இருந்து பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை என்றாய், நானும் நம்பினேன். உனக்கு வர மனசே இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

உன் கோபம் தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. உன்னைவிட எனக்குக் கோபம் அதிகம். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

நான் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருப்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. 2023 ஜனவரியில் இருந்து வருகைப் பதிவு எல்லாம் ஆப்பில்தான். காலையில் ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ. ஏரி வரத்துக் கால்வாயில் வேலைக்கு வந்த அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்து, முகம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். எந்த இடத்தில் எடுத்தோம், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்பதும் போட்டோவோடு சேர்ந்தே போய்விடும். வெயிலில் செல்போனில் ஒன்றும் தெரியாது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, அந்த நிழலுக்குள் போனை வைத்துப் பார்ப்பேன். டவர் கிடைக்காத நாளில் ஏரிக்கரை மேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

போன மாசம் ஒரு நாள் மேட்டுத் தெரு ஆயா காலை போட்டோவில் இருந்தார். மத்தியானம் எடுக்கிற நேரத்தில் கருவேல மரத்துப் பக்கம் ஒதுங்கப் போயிருந்தார். அவர் திரும்பி வருவதற்குள் போட்டோ ஏறிவிட்டது. "இன்னொரு தடவை எடுக்க முடியாதா அம்மாடி?" என்று கேட்டார். முடியவில்லை. காலையில் இருந்து அன்னக்கூடையில் மண் சுமந்தவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னவள் நான்தான். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்து போனார்.

அந்த வாரத்தில்தான் எம்.பி.க்களின் சம்பளம் ஏறிய செய்தி வந்தது. மார்ச் 24ஆம் தேதி அரசாணை. மாசம் ஒரு லட்சமாக இருந்தது 1,24,000 ஆகிவிட்டது. கூட்டம் நடக்கிற நாளுக்குப் படி 2,000 ரூபாயாக இருந்தது, இப்போது 2,500. முன்னாள் எம்.பி.க்களின் பென்ஷன் 25,000இல் இருந்து 31,000. நமக்கும் ஏறியது. ஏப்ரல் 1 முதல் 319 ரூபாய் 336 ஆனது. 17 ரூபாய். அதுவும் வெட்டின அளவு முழுசாக வந்தால்தான்.

அவர்களுக்கு விலைவாசிக் குறியீட்டை வைத்து ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுகிறது, நமக்கு வருஷா வருஷம் ஏறுகிறது. அதனால் சதவீதத்தை வைத்துச் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை. எனக்கு உறுத்துவது பாக்கிதான். அவர்களுக்கு 2023 ஏப்ரல் 1ஆம் தேதியில் இருந்து கணக்குப் போட்டு பாக்கி கொடுக்கிறார்கள். அந்த இரண்டு வருஷமும் பதவியில் இருந்தவருக்கு சம்பள பாக்கி மட்டும் 5,76,000 ரூபாய். ஆயா புதுக் கூலிக்கு வருஷம் தவறாமல் நூறு நாள் மண் சுமந்தாலும் அந்தத் தொகையைப் பார்க்க 17 வருஷம் ஆகும். அதே சமயத்தில் நம் பெண்களுக்கு நவம்பர் கடைசியில் இருந்து கூலியே வரவில்லை. டெல்லியில் இருந்து வர வேண்டிய பாக்கி 4,034 கோடி என்று சொல்லி மார்ச் 29ஆம் தேதி தமிழ்நாடு முழுக்க ஆர்ப்பாட்டம் நடந்தது, நீயும் படித்திருப்பாய். 15 நாளில் கூலி தர வேண்டும், தவறினால் ஒரு நாளைக்கு 0.05 சதவீதம் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. 319 ரூபாய்க்கு அது 16 பைசா. அந்த 16 பைசாவையும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

இனி உன் வருகைப் பேச்சுக்கு வருகிறேன். சபைக்கே போவதில்லை என்று சொன்னாயே, அது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். மக்களவையில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய படி. போன நவம்பரில் இருந்து டேப்லெட்டில் மின்னணுப் பேனாவால் கையெழுத்துப் போடவும் வசதி செய்திருக்கிறார்கள். அது இருப்பது சபைக்கு வெளியே முகப்புக் கூடத்தில். அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தாரா, பத்து நிமிஷத்தில் கிளம்பினாரா என்பதை அந்தப் பதிவேடு சொல்லாது. அவர்களுக்கு மத்தியானப் போட்டோ கிடையாது, தம்பி. அமைச்சர்கள் கையெழுத்தே போட வேண்டியதில்லை. போன மக்களவையில் சராசரி வருகை 79 சதவீதம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அது கையெழுத்தின் கணக்கு. இருக்கையின் கணக்கு யாரிடமும் இல்லை.

சபை நடக்கிற நாளே குறைந்துவிட்டது. முதல் மக்களவை வருஷத்துக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 2019இல் இருந்து 2024 வரை இருந்தது 55 நாள்தான் கூடியிருக்கிறது. ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து 274 நாள். வருஷத்துக்கு 55 நாள் வேலை, அதிலும் கையெழுத்துப் போட்டால் போதும்.

அனுமதி வாங்காமல் 60 நாள் எந்தக் கூட்டத்துக்கும் வராவிட்டால் அந்த இடம் காலி என்று சபை அறிவிக்கலாம் என்று அரசியல் சாசனத்தில், 101ஆம் பிரிவில், இருக்கிறது. படித்ததும் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பார்த்தால், நடுவில் ஒரு நாள் வந்து தலையைக் காட்டினால் போதும், மறுபடியும் ஒன்றில் இருந்து எண்ண வேண்டும்.

ராத்திரி சமையல் முடிந்த பிறகு, நாடாளுமன்றத்தைக் காட்டுகிற சன்சத் டிவியைப் போனில் போட்டுப் பார்க்கிறேன். பேசுகிறவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். கேமரா கொஞ்சம் விலகினால் வரிசை வரிசையாகக் காலி. பத்தில் ஒரு பங்கு, அதாவது 55 பேர் இருந்தால் சபை நடத்தலாமாம். 543 பேரில் 55. அந்த விகிதத்தில் நம் கால்வாயில் வேலை நடந்தால் 38 பேர் வர வேண்டிய இடத்தில் நாலு பேர்தான் மண்வெட்டியோடு நிற்பார்கள்.

ஆனால் தம்பி, இந்த மாசம் ஒன்றைப் பார்த்தேன். ஏப்ரல் 2ஆம் தேதி வக்பு மசோதா. மத்தியானம் ஆரம்பித்தது நடுராத்திரி தாண்டியும் ஓடியது. கடைசியில் ஆதரவாக 288, எதிராக 232. கூட்டினால் 520 பேர், ராத்திரி அந்த நேரத்தில்! ஏன் என்றால் கட்சிக் கொறடா, அதாவது சபைக்கு வா, இப்படி ஓட்டுப் போடு என்று தன் கட்சி எம்.பி.க்களுக்குச் சொல்பவர், உத்தரவு போட்டிருந்தார். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா சொன்னதை மீறினால் பதவியே போகும். அது முடிந்த கையோடு, விடியற்காலை இரண்டு மணி வாக்கில், மணிப்பூரில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு ஒப்புதல் கேட்டார்கள். 2023 மே மாசத்தில் இருந்து எரிகிற ஊர் அது. நாற்பது நிமிஷம் போல பேசி முடித்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர்களுக்கு வரத் தெரியாமல் இல்லை. கொறடா கூப்பிட்டு வராவிட்டால் பதவி போகும். நம் கூலிக்காக, நம் ஏரிக்காக வராவிட்டால் ஒன்றும் போகாது. நாம் கேட்பதே இல்லை என்பதால்தான் போகாது. போன தேர்தலுக்கு ஜீப்பில் வந்து, மாரியம்மன் கோவில் முன்னால் நின்று, "டெல்லியில் உங்கள் குரலாக ஒலிப்பேன்" என்று ஒருவர் சொன்னார். நூறு நாளை 150 நாளாக்கக் கேட்பேன் என்றார். ஆரத்தித் தட்டில் நோட்டு விழுந்தது, நம் தெருப் பெண்களும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அவர் அதைக் கேட்டாரா இல்லையா என்று நம் ஊரில் ஒரு ஆள் பார்த்ததில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் பொய் சொன்னாரா என்பதே நமக்குத் தெரியாது. அது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எல்லாரும் திருடர்கள் என்று நீ சொல்லும்போது எனக்குப் பதறுவது இதனால்தான். மக்களவையில் இப்போது இருக்கிற 543 பேரில் 251 பேர் தங்கள் மேல் குற்ற வழக்கு இருப்பதாக வேட்புமனுவோடு தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள். வழக்கு இருந்தாலே குற்றவாளி ஆகிவிட மாட்டார், ஆனாலும் கிட்டத்தட்டப் பாதி என்பது சின்ன விஷயமா? அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் போட்டால் யாருக்கு வசதி? வராதவனுக்குத்தான். தினமும் வந்து, நம் கூலி எங்கே என்று கேட்கிறவனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடுகிறது. மார்ச் 25ஆம் தேதி கேள்வி நேரத்தில் இந்தக் கூலியைப் பற்றிப் பேச்சு வந்தது. கூச்சல் ஆகி சபையை ஒத்திவைத்தார்கள், அது வேறு. ஆனால் எழுந்து நின்றவர்கள் இருந்தார்கள். நம் ஊர்க்காரர் எழுந்தாரா?

மாநிலங்களவை தி.மு.க. எம்.பி. திருச்சி சிவாவை எடுத்துக்கொள். கட்சியை விடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தனிநபர் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும், அதாவது அமைச்சராக இல்லாத எம்.பி.க்கள் தாங்களே கொண்டுவருகிறவற்றுக்கு, நேரம் ஒதுக்குவார்கள். அந்த நேரத்தில்தான் பல பேர் ஊருக்கு விமானம் ஏறக் கிளம்புவார்கள். கடைசியாக ஒரு தனிநபர் மசோதா இரண்டு அவையிலும் நிறைவேறிச் சட்டமானது 1970இல். யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? அவர் உட்கார்ந்தார். திருநங்கைகள், திருநம்பிகளின் உரிமைக்கு அவர் கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24ஆம் தேதி, ஒரு வெள்ளிக்கிழமைதான், மாநிலங்களவை ஒருமனதாக ஏற்றது. மக்களவையில் அது தாண்டவில்லை. 2019இல் அரசாங்கமே வேறொரு சட்டம் கொண்டுவந்தது, அதில் குறை உண்டு என்று திருநங்கைகளே சொல்கிறார்கள். இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை அவரும் விமானம் ஏறியிருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. அதேபோல் 2005 டிசம்பரில், சபையில் கேள்வி கேட்கக் காசு வாங்கிய 11 எம்.பி.க்களை வெளியேற்றியதும் அதே நாடாளுமன்றம்தான்.

சரி, உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நம் தொகுதி எம்.பி. 2024 ஜூனில் இருந்து எத்தனை நாள் கையெழுத்துப் போட்டார், எத்தனை கேள்வி கேட்டார், எந்த விவாதத்தில் பேசினார் என்பது நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கிறதாம். எனக்குப் போனில் அந்த ஆங்கிலப் பக்கத்தில் எங்கே தொடுவது என்று தெரியவில்லை. நீ நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால்தானே உட்கார்ந்திருக்கிறாய். ஒரு அரைமணி நேரம் எனக்காக ஒதுக்கு. கையெழுத்து எத்தனை என்பதோடு நிறுத்திவிடாதே. நூறு நாள் வேலை பற்றி ஒரு கேள்வியாவது கேட்டிருக்கிறாரா என்று பார். கேட்டிருந்தால் அதையும் எழுது, கட்டாயம் எழுது. அவர் ஒழுங்காக இருந்தால் அதை நான் சொல்லாமல் விடக் கூடாது. எல்லாவற்றையும் தமிழில் எழுதி அச்செடுத்து அனுப்பு.

மே 1ஆம் தேதி கிராம சபை. எம்.பி.யை நிறுத்திக் கேட்க கிராம சபைக்கு அதிகாரம் இல்லை என்று ஊராட்சியில் சொல்வார்கள். எனக்குத் தெரியும். நான் தீர்மானம் போடச் சொல்லப் போவதில்லை. அந்தத் தாளை எழுந்து நின்று படிக்கப் போகிறேன், அவ்வளவுதான். கால்வாயில் என்னோடு நிற்கிற 38 பேரும் வருவார்கள். ஆயாவிடம் சொன்னேன். "அவரையும் ரெண்டு தடவை போட்டோ எடுக்கிறாங்களா?" என்று கேட்டார். இல்லை ஆயா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாம எடுப்போம்" என்றார்.

மே 1 வியாழக்கிழமை. உனக்கும் லீவுதான். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு சொன்னால் நாலு நாள் சேர்ந்து வரும், பஸ்ஸுக்கு இப்போதே போட்டால் இடம் கிடைக்கும். வந்தால் நீயே எழுந்து படி, எனக்கு அதுதான் ஆசை. வர முடியாவிட்டால் 28ஆம் தேதிக்குள் தாள் என் கைக்கு வந்துவிட வேண்டும். எழுத்தைப் பெரிதாகப் போடு. மரத்தடியில்தான் கூட்டம், மைக் இருக்குமோ இருக்காதோ, படிக்கிறபோது நான் எங்கேயும் தடுமாறக் கூடாது.

இப்படிக்கு,
அம்மா