நீ பார்த்த வானவில்

அன்பு நண்பா,

கடிதம் வந்தது. முட்டி வலி குறைந்து மறுபடி மாலையில் நடக்கப் போகிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

"நீயும் பக்கத்தில் நின்று அந்த வானவில்லைப் பார்த்திருக்கணும்" என்று எழுதியிருந்தாய். நின்றிருந்தாலும் நான் பார்த்திருப்பது வேறொரு வானவில்லாகத்தான் இருக்கும். நிஜமாகத்தான் சொல்கிறேன். வெயில் உன் முதுகுப்பக்கம், மழை எதிரே. உன் தலையின் நிழல் விழும் திசைதான் வில்லின் நடுப்புள்ளி. அதிலிருந்து 42 பாகை விலகியிருக்கும் துளிகள் உன் கண்ணுக்குச் சிவப்பை அனுப்பும், 40 பாகையில் இருப்பவை ஊதாவை. நான் ஓரடி தள்ளி நின்றால் என் கண்ணுக்கு வேறு துளிகள்.

துளிக்குள் நடப்பது எளிது. ஒளி நுழையும்போது வளைகிறது, பின்சுவரில் பட்டுத் திரும்புகிறது, வெளியேறும்போது மறுபடி வளைகிறது. நிறத்துக்கு நிறம் வளைவு கொஞ்சம் மாறுவதால் பிரிந்துவிடுகிறது. பின்சுவரில் முழு அக எதிரொளிப்பு, அதாவது ஒளி முழுவதும் உள்ளேயே திரும்புவது, நடக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும், சிறு பங்குதான் திரும்பும். அந்தச் சிறு பங்கே இவ்வளவு அழகு!

எனக்கு ரொம்பப் பிடித்தது என்னவென்றால், விழுந்துகொண்டே இருக்கும் ஒரு துளி உனக்கு முதலில் சிவப்பைக் காட்டி, இறங்க இறங்க மஞ்சள், பச்சை என்று போய், கடைசியில் ஊதாவைக் காட்டிவிட்டு மறைகிறது, அதன் இடத்துக்கு உடனே அடுத்த துளி வந்துவிடுகிறது. துளிகள் ஓட, வில் மட்டும் அசையாமல் நிற்கிறது.

துளிக்குள் ஒளி இப்படி வளைந்து திரும்பித்தான் வில் உண்டாகிறது என்பதை 1300களின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல் ஃபாரிசி என்ற அறிஞரும் ஜெர்மனியில் தியடோரிக் என்ற அறிஞரும் ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்தார்கள். நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைத்தான் இருவரும் மழைத்துளியாக வைத்துச் சோதித்தார்கள். நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

நேற்று காலை செடிக்குத் தண்ணீர் விடும்போது குழாய் வாயை விரலால் பாதி அடைத்து, வெயிலுக்கு முதுகு காட்டிப் பீய்ச்சினேன். கைக்கெட்டும் தூரத்தில் சின்ன வில். இடக்கண்ணை மூடினால் ஒரு பக்கம் நகர்கிறது, வலக்கண்ணை மூடினால் மறுபக்கம். என் இரண்டு கண்ணுக்கே இரண்டு வில்!

அப்புறம், உன் போட்டோவில் மேலே மங்கலாக இன்னொரு வளைவு தெரிகிறதே, அது துளிக்குள் இரண்டு முறை திரும்பி வந்த ஒளி. அதில் நிறங்கள் தலைகீழாக இருக்கும், இரண்டுக்கும் நடுவே வானம் கொஞ்சம் இருண்டிருக்கும். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்