ஆட்டக்காரர் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பேர்போன கபடி ஆட்டக்காரராக இருந்தவரின் மறைவுச் செய்தியை அண்மையில் தங்கள் நாளிதழில் கண்டேன். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் என்று மட்டுமே அவரைப் பற்றி எழுதியிருந்தது. அதில் பிழை ஏதும் இல்லை. அவர் நடத்துநராகத்தான் ஓய்வுபெற்றார். ஆயினும் எண்பதுகளில் கோயில் கொடைக்கு வந்த கூட்டம், அவர் பாடி வரும் நேரத்தில் வில்லுப்பாட்டையும் விட்டுவிட்டுக் களத்தைச் சுற்றி நின்றதை நேரில் பார்த்தவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், மகன் வேலை பார்க்கும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அந்த ஊர் விமான நிலையத்திலேயே, ஜார்ஜ் வாஷிங்டன் சிலைக்குப் பக்கத்தில், குனிந்து தரையோரம் பந்தை அள்ளுகிற ஓர் ஆட்டக்காரரின் சிலை இருந்தது. அவர் பெயர் பிராங்கோ ஹாரிஸ். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், 1972 டிசம்பர் 23 அன்று, ஆட்டம் முடியச் சில நொடிகளே இருக்கையில், தெறித்து வந்த பந்தைத் தரை தொடுமுன் பிடித்து ஓடி உள்ளூர் அணியை வெல்ல வைத்தவர். நாட்டின் முதல் குடியரசுத் தலைவருக்குச் சமமாக அவரை நிறுத்தியது எனக்குச் சற்று மிகையாகவே பட்டது. பேஸ்பால் மைதானத்துக்குப் போனால் வலப்புற எல்லைச் சுவரின் உயரம் 21 அடி. அவ்வூர் பேஸ்பால் அணிக்கு ஆடிய ரொபர்ட்டோ கிளெமென்டே அணிந்த சட்டை எண் 21 என்பதே காரணம். அவர் 1972 செப்டம்பர் 30 அன்று தமது 3,000ஆவது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்தை எட்டுவதை) அடித்தார். அதே ஆண்டின் கடைசி நாளில், நிலநடுக்கத்தால் சிதைந்த நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து, உடல்கூடக் கிடைக்காமல் போனார். ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, சாலை விபத்தில் அடிபட்டு 1971இல் 21 வயதில் இறந்த மிஷேல் பிரியேரின் எண்ணையும் அவ்வூர் ஐஸ் ஹாக்கி அணி வேறு எவருக்கும் தருவதில்லை. அதுவும் 21தான்.

சிலையும் சுவரும் பணம் உள்ளவர்கள் செய்யக்கூடியவை. அவற்றை நம் ஊரில் கேட்க நான் வரவில்லை. நான் சொல்ல வந்தது, அதே நகரில் வாழ்ந்த ஜோஷ் கிப்சனைப் பற்றியது. கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பெரிய லீக்குகளில் இடம் மறுக்கப்பட்டிருந்த காலத்தில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்னும் கறுப்பின பேஸ்பால் அணிக்கு ஆடியவர் அவர். 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதங்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார். கிப்சனின் கல்லறைக்கு நெடுங்காலம் ஒரு பெயர்க்கல்கூட இல்லை. ஆனால் 2024 மே மாதத்தில், 1920 முதல் 1948 வரையிலான கறுப்பின லீக்குகளின் கணக்கையும் பேஸ்பாலின் உயர்மட்ட அமைப்பான மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டபோது, மட்டை பிடித்த முறைகளில் எத்தனை பங்கு ஹிட் என்று காட்டும் வாழ்நாள் சராசரியில், டை காப் என்ற பழைய ஆட்டக்காரரின் 0.367ஐத் தாண்டி, 0.372 எடுத்து கிப்சன் முதலிடத்தில் வந்து நின்றார். இறந்து 77 ஆண்டுகள் கழித்து இது நடந்தது எப்படி? பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கறுப்பின மக்களின் வார இதழ்கள், யார் எத்தனை முறை மட்டை பிடித்தார், எத்தனை அடித்தார் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் சிறு எழுத்தில் அச்சிட்டு வைத்திருந்தன. பின்னால் வந்த ஆர்வலர்கள் பழைய தாள்களைப் புரட்டி அவற்றைக் கூட்டினார்கள்.

கூடைப்பந்தில் வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்ததற்கும் படச்சுருள் கிடையாது. பார்த்தவர் 4,124 பேர். எஞ்சியிருப்பவை புள்ளித்தாளும், வானொலிப் பதிவின் ஒரு பகுதியும், 100 என்று எழுதிய காகிதத்தை அவர் பிடித்திருக்கும் ஒரு புகைப்படமுந்தான்.

புகழை மட்டும் பதிந்தாலும் போதாது. அமெரிக்கக் கால்பந்தில் நான்கு முறை சாம்பியன் ஆன மைக் வெப்ஸ்டர், நினைவு தடுமாறி அலைந்து, 2002இல் 50 வயதில் இறந்தபின், பிட்ஸ்பர்க் மருத்துவர் பென்னட் ஒமாலு அவரது மூளையை ஆராய்ந்து, ஓயாமல் தலையில் விழுந்த அடிகள் செய்த சேதத்தைக் காட்டினார். நம் பக்கத்துப் பழைய கபடிக்காரர்கள் பலர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை பேர் என்று யாரிடம் கேட்பது?

ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டின் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசன் போன்றோரை நாடு அறியும். மாவட்ட அளவில் நின்றுபோனவர்கள்தான் தொலைந்துபோகிறார்கள். எந்த ஊர் அணிக்குக் கோப்பை, ரொக்கப் பரிசு எவ்வளவு, பரிசு வழங்கிய பிரமுகர் யார் என்பதெல்லாம் தவறாமல் அச்சில் வருகின்றன. ஆடிய ஏழு பேரின் பெயர் வருவதில்லை. கோவில்பட்டி ஹாக்கியாயினும் நம் கிராமத்துக் கபடியாயினும், போட்டிச் செய்தியின் அடியில் ஆடியவர்களின் பெயரையும் அவரவர் எடுத்த கோலையோ புள்ளியையோ சிறு எழுத்தில் போட்டால் நான்கு வரிக்கு மேல் ஆகாது.

1978 முதல் 2009 வரை நான் உடன் சென்ற போட்டிகளின் புள்ளித்தாள்களும் நோட்டீசுகளும் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. சில செல்லரித்துவிட்டன. தங்கள் நெல்லை அலுவலகத்தில் நகல் எடுத்துக்கொள்ள விருப்பமானால், எந்த நாளில் கொண்டுவர வேண்டும் என்று தெரிவித்தால் போதும். மறைந்த அந்த நடத்துநர் ஆடிய பதினோரு ஆட்டங்களின் கணக்கும் அதில் உள்ளது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.