நண்பகலில் பூங்காவைப் பூட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

கிண்டி குதிரைப் பந்தய மைதானமாக இருந்த நிலத்தில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைவது பற்றிய செய்தியைப் படித்தேன். நகரின் நடுவே இவ்வளவு பெரிய வெளி மக்களுக்குக் கிடைப்பது உண்மையிலேயே பெரிய காரியம். சரி, அது எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதையும் இப்போதே யோசிக்க வேண்டும். நம் பூங்காக்கள் பலவும் நடைப்பயிற்சி செய்வோரை மட்டும் மனத்தில் வைத்தே இயங்குகின்றன. காலையிலும் மாலையிலும் திறக்கிறார்கள். நிழல் மிகவும் தேவைப்படும் நண்பகலில் பூட்டிவிடுகிறார்கள்.

எங்கள் தெருமுனைப் பூங்காவில் நன்றாக நிழல் தரும் தூங்குமூஞ்சி மரங்கள் இருக்கின்றன. கத்திரி வெயிலில் உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களும் தூய்மைப் பணியாளர்களும் பூட்டிய கேட்டுக்கு வெளியே, மதிலின் ஒரு சாண் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடக்கின்றன. கழிப்பறையும் பூட்டுதான், பெண்கள் பாடு இன்னும் மோசம். பகலில் திறந்தால் தகாதவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று காரணம் சொல்கிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில்தான் அந்தப் பயம் அதிகம். சென்னையின் 200 வார்டுகளிலும், வார்டுக்கு ஒரு பூங்காவையாவது மார்ச் முதல் ஜூன் வரை பகல் முழுவதும் திறந்து வைத்து, குடிநீரும் பகல்நேரக் காவலாளியும் ஏற்பாடு செய்யலாம். அப்புறம், கிண்டிப் பூங்காவிலும் சாலையை ஒட்டிய ஒரு பகுதியைக் கட்டணமின்றி நாள் முழுவதும் விட வேண்டும்.

– ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை