நாடு திரும்பிப் பதவிக்குப் போகும் சோமாலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோ, லண்டன், மினியாப்பொலிஸ், ஒஸ்லோ என்று பல ஊர்களில் இருந்து மொகடிசுவுக்குத் திரும்பி, பாராளுமன்றத்துக்கும் அமைச்சுக்கும் போகிற, போக ஆயத்தமாகிற சோமாலிய உறவுகளுக்கு,

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ரொறன்ரோவின் மேற்குப் பக்கம், டிக்சன் வீதித் தொடர்மாடி ஒன்றில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறேன். 1991 ஜனவரியில் சோமாலிய ஜனாதிபதி சியாட் பாரேயின் ஆட்சி விழுந்ததை ஒட்டி உங்கள் ஆட்கள் இந்தக் கட்டடங்களுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அன்று முதல் என் அக்கம்பக்கம் முழுக்கச் சோமாலியர்தான். என்னை அவர்கள் 'அபாயோ' என்று கூப்பிடுவார்கள், சகோதரி என்று.

எங்கள் நாட்டு விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உங்களை அனுப்பிவைக்கிற பணம் எங்கே, யார் கையில் சேர்கிறது என்பதை நான் கிட்ட இருந்து பார்க்கிறவள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாடியில் ஒரு அம்மா வீட்டில் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஹக்பத் கூடும். நாங்கள் சீட்டு என்று சொல்வோமே, அதேதான். நானும் ஒரு பங்கு போடுகிறேன். ஏலக்காயும் கறுவாவும் போட்ட பால் தேநீர், ஒரு தட்டு சம்புசா, மேசையில் ஒரு பாடசாலைக் கொப்பி. பெயருக்கு நேரே தொகை எழுதுவார்கள். கையெழுத்து, சாட்சி எதுவும் கிடையாது. யாருக்காவது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் முட்டினால் முறையை விட்டுக்கொடுப்பார்கள். போடுகிறவர்களில் பாதிப் பேர் பகலில் முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டி, இரவில் அலுவலகங்களைத் துடைத்துச் சம்பாதிக்கிறவர்கள். ஊரில் அதிகாரியாகவும் வியாபாரியாகவும் இருந்த ஆண்களுக்கு இங்கே அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. பல வீடுகளின் பாரம் அப்படித்தான் பெண்கள் தலையில் வந்தது.

அந்தக் கொப்பியில் டாரோட் குலத்துப் பெண்ணின் பெயரும் ஹவியே குலத்துப் பெண்ணின் பெயரும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன. ஒரே ஊரில் இவர்கள் குலங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டதை அவர்கள் மறக்கவில்லை. ஆனாலும் அந்த மேசையில் குலத்தை ஒருவரும் கேட்டதில்லை. நேரத்துக்குக் கட்டுவாளா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

2021இல் அந்த அம்மாவின் தங்கை மகன் மொகடிசுவில் போட்டியிடப் போனார். வேட்பாளர் கட்டணம் மட்டும் 10,000 டொலர், அதற்கு மேல் பயணம், காவல், விருந்து. பெரியம்மா தன் முறைக்கு வந்த சீட்டுப் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். இத்தனைக்கும் அந்தப் பையன் தன் தகப்பனின் குலம். பெரியம்மா பிறந்த குலமும் அது இல்லை, புகுந்த குலமும் இல்லை.

அப்புறம் அந்த அம்மாவின் சொந்த மகள் போக விரும்பினாள். சட்டம் படித்தவள், சோமாலி எழுத வாசிக்கத் தெரிந்தவள். அவளுடைய தகப்பன் குலத்து மூத்தவர் ஒருவர் தொலைபேசியில் வந்தார். மேசையில் வைத்து எல்லோரும் கேட்டோம். "நீ நல்ல பிள்ளை மகளே. ஆனால் நீ கட்டியது வேறு ஆட்களை. உன் பிள்ளைகள் அவர்கள் பக்கம். எங்கள் கதிரையை உன்னிடம் தந்தால் நாளைக்கு அது யாருடைய கதிரை?" அவ்வளவுதான். அவள் என்ன படித்தாள், போய் என்ன செய்வாள் என்று ஒரு கேள்வி வரவில்லை. அவளுடைய கணவன் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும்: நீ எங்கள் வீட்டில் பிறந்தவளா? அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் இதை வாசிக்கும் தமிழர்களுக்காகச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஜிபூட்டியின் ஆர்ட்டா நகரில் நடந்த சமாதான மாநாட்டில் நாலரைக் கணக்கு ஒன்றை வைத்தார்கள். டாரோட், ஹவியே, டிர், ரஹன்வெய்ன் என்ற நான்கு பெருங்குலங்களுக்கும் சமபங்கு. மிச்சமுள்ள சிறுபான்மை எல்லாருக்கும் சேர்த்து அரைப் பங்கு. சண்டையை நிறுத்த அன்று அது தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குலம் தகப்பன் வழி ஓடுவது. குலத்தை அளவாக வைத்துப் பதவியைப் பங்கிட்டால் பெண்ணுக்கு நிற்க இடமே இல்லாமல் போகும். வழக்காற்றுச் சட்டத்தில் கொல்லப்பட்ட ஆணுக்கு நூறு ஒட்டகம், பெண்ணுக்கு ஐம்பது என்று இரத்தப்பணம் பேசுகிற மூத்தவர்களிடம்தான் பாராளுமன்றக் கதிரையைப் பங்கிடும் வேலையும் போனது. 2016இல் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வாக்களித்த பிரதிநிதிகளைத் தெரிவு செய்ததும் 135 மூத்தவர்கள்தான்.

அதே ஆர்ட்டாவில்தான் சமாதானச் செயற்பாட்டாளர் ஆஷா ஹாஜி எல்மியும் அவருடைய தோழிகளும் ஒரு காரியம் செய்தார்கள். நான்கு பெருங்குலங்கள், சிறுபான்மையினர் என்று ஐந்து அணிகள் மேசையில் இருந்தபோது, நாங்கள் ஆறாவது குலம் என்று பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒரு குலத்தில் பிறந்து இன்னொரு குலத்தில் வாழ்க்கைப்பட்டதைக் குறையாகச் சொன்னவர்களிடம், அதனால்தான் இரண்டு பக்கமும் எங்களால் பேச முடியும் என்றார்கள். அன்றைக்கு நடந்த பேச்சுகளில் இதைவிடத் தெளிவான பேச்சு வேறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? பாராளுமன்றத்தில் பெண்களுக்கு 30 வீதம் என்று 2012இல் தலைவர்கள் ஒத்துக்கொண்டார்கள், கிடைத்தது ஏறக்குறைய 14 வீதம். 2016இல் ஒவ்வொரு குலத்துக்கும் உள்ள மூன்று இடங்களில் ஒன்று பெண்ணுக்கு என்று பேசி, 24 வீதம் வரை வந்தது. 2022இல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. வாய்ப்பேச்சாக இருக்கும் வரைக்கும் இது ஏறும், இறங்கும்.

இனி ஒருவருக்கு ஒரு வாக்கு வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதற்கு வழிசெய்யும் அரசியலமைப்புத் திருத்தங்களை 2024 மார்ச்சில் மொகடிசு பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. நல்லது. ஆனால் தனியாகப் பிரிந்து தன்னைத் தானே ஆளும் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கெய்சாவைப் பாருங்கள். அங்கே நேரடி வாக்கு எப்போதோ வந்துவிட்டது. 2021இல் 82 இடங்களுக்கு நடந்த தேர்தலில் 13 பெண்கள் நின்றார்கள், ஒருவர்கூட வெல்லவில்லை. பெட்டியில் போடுகிற வாக்கையும் குலம்தான் நடத்துகிறது என்றால் பெட்டி வந்து என்ன பயன்?

அங்கே பெண்களுக்குப் பாதுகாப்பில்லை, அதனால்தான் தயங்குகிறோம் என்றும் சொல்கிறீர்கள். ஊடகவியலாளர் ஹொடான் நாலாயே லாஸ் அனோடில் பிறந்து, எட்மன்டனிலும் ரொறன்ரோவிலும் வளர்ந்தவர். கிஸ்மாயோவுக்குப் போய் அங்கத்தைய மீனவர்களையும் கடைக்காரர்களையும் கடற்கரையையும் படம்பிடித்து, உங்கள் நாட்டில் சண்டையைத் தவிரவும் வாழ்க்கை இருக்கிறது என்று காட்டினார். 2019 ஜூலை 12இல் ஹோட்டல் தாக்குதலில் அவரும் கணவரும் கொல்லப்பட்டார்கள். அப்போது அவர் பிள்ளைத்தாச்சி. அதே ஆண்டு நவம்பரில் மொகடிசுவில் சமாதானத்துக்காக உழைத்த அல்மாஸ் எல்மான் சுடப்பட்டு இறந்தார், ஒட்டாவாவில் வளர்ந்த பிள்ளை. தகப்பன் 1996இல் கொல்லப்பட்ட அதே நகரத்துக்கு அவருடைய தாய் ஃபர்ட்டூன் அடான் திரும்பிப் போய், வல்லுறவுக்கு ஆளான பெண்களுக்கும் ஆயுதம் தூக்கிய சிறுவர்களுக்கும் ஆதரவாக இன்றும் வேலை செய்கிறார். பெண்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். விலையும் கொடுத்துவிட்டார்கள். இன்னும் கொடுபடாமல் இருப்பது அவர்களுக்குரிய கதிரைதான்.

இங்கே பிறந்த உங்கள் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பாட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லும் அப்திர்சியைப் பாட்டிமார் சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பெயர்களை ஒரே மூச்சில் சொல்லும் சிறுமியை நான் லிஃப்டில் பார்த்திருக்கிறேன். அத்தனையும் ஆண்களின் பெயர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் சோமாலியப் பிள்ளை, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு வரும்போதோ, ஊருக்குத் திரும்பி ஏதாவது செய்ய நினைக்கும்போதோதான் நீ யாருடைய ஆள் என்ற கேள்வி வந்து நிற்கும். இதில் எங்களுக்கும் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஆட்களும் இங்கே கல்யாணம் பேசும்போது ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். சாதியைத்தான் கேட்கிறார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும்.

அந்த அரைப் பங்குக்குள் ஒரு பெண் இருக்கிறாள், அவளை நீங்கள் மறக்கக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்த பாண்டுப் பெண்ணும், மற்றக் குலங்கள் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மறுக்கும் கபோயே பெண்ணும் அங்கேதான் இருக்கிறார்கள். முப்பது வீதம் வந்தாலும் பெருங்குலத்துப் பெரிய வீட்டுப் பெண்களுக்கு மட்டும் போனால் அது அரைகுறை நீதி.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். முப்பது வீதத்தைச் சட்டத்தில் எழுதுங்கள்: பெண்கள் மட்டும் போட்டியிடும் இடங்களாக, எந்த இடங்கள் என்று எண் குறித்து. இலக்கு, முயற்சி என்ற சொற்கள் அதில் வேண்டாம். பெண் தன் தகப்பன் குலத்தின் பேரிலும் நிற்கலாம், கணவன் குலத்தின் பேரிலும் நிற்கலாம், குலம் எதுவும் சொல்லாமலும் நிற்கலாம் என்று எழுதுங்கள். சிறுபான்மையின் பங்கிலும் அதே முப்பது இருக்கட்டும். இதை ஆதரித்து வாக்களிப்பேன் என்று, உங்கள் மூத்தவர்களின் ஆசீர்வாதத்தைக் கேட்கப் போகும் முன்பே வெளியில் சொல்லுங்கள். மூத்தவர் மறுத்தால் அந்தக் கதிரையை வேண்டாம் என்று சொல்லுங்கள். கஷ்டம்தான். ஆனால் உங்களால் முடியும். பிழைக்க உங்களுக்கு வேறு நாடும் வேறு கடவுச்சீட்டும் இருக்கின்றன. ஊரை விட்டு ஒருபோதும் போகாதவருக்கு மூத்தவரைப் பகைக்கிற தைரியம் வருவது லேசில்லை. பஃபலோவில் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தவர் 2017இல் ஜனாதிபதி ஆனார், நோர்வேயில் இருந்து போனவர் அவருக்குப் பிரதமர் ஆனார். வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு அங்கே அவ்வளவு செல்வாக்கு இருக்கிறது. அதை இதற்குப் பயன்படுத்துங்கள்.

இந்த மடலைச் சோமாலியில் எழுதித் தருவதாக அந்த மகள் சொல்லியிருக்கிறாள். பதில் எழுதுவதானால் அவளுக்கு எழுதுங்கள், அவள் எனக்குச் சொல்வாள். அவள் இன்னும் போகத்தான் நினைக்கிறாள். எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளுக்கு நேராகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
டிக்சன் வீதியில் இருந்து ஒரு தமிழ்ப் பெண்