மைலேஜ் குறைகிறது என்று வருகிறவர்களுக்கு

பொள்ளாச்சி,
ஆடி மாதம்.

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கமுங்க.

ஒவ்வொரு வருடமும் ஆனி கடைசியில் இது ஆரம்பிக்கிறது. வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் முதல் பேச்சே, "போன மாசம் அறுபது குடுத்துச்சுங்க, இப்ப அம்பதத் தாண்ட மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்பதுதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ப்ளக் மாற்றி, கூலி வாங்கிக்கொண்டு அனுப்பினால் நீங்களும் திருப்தியாகப் போவீர்கள். பல வருடம் நாங்களும் அப்படித்தான் செய்தோம். புரட்டாசியில் காற்று அடங்கியதும் மைலேஜ் தானாகக் கூடும், பெயர் எங்களுக்கு வந்துசேரும். அந்தப் பெயர் எங்களுடையது அல்ல. அந்தக் கூலியை இனி வாங்குவதில்லை என்று இந்த ஆடியிலிருந்து முடிவு செய்திருக்கிறோம். ஏன் என்று விளக்கத்தான் இந்த மடல்.

நம் ஊருக்கு மேற்கே மலை ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்காமல் அந்த வழியாகத்தான் இங்கே கொட்டுகிறது. உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பதற்குக் காரணமும் அதுவே. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பாலக்காடு போகிறவர்கள் ஆடியில் முழுக்க எதிர்காற்றில் ஓட்டுகிறார்கள்.

வண்டி காற்றைக் கிழிக்கும் சிரமம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். நீங்கள் 50 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது என்றால் வண்டிக்கு அது 70 கி.மீ. காற்று. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றின் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும். "வரும்போது பின்னாலிருந்து தள்ளுமே, சரிக்குச் சரி ஆகிடாதா?" என்று கேட்பார்கள். ஆகாதுங்க. திரும்பும்போது தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது, உண்மைதான். ஆனால் போகும்போது கூடியது அதைவிட அதிகம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் காற்றில்லாத நாளைவிடத் தடை 16 சதவீதம் கூடுதலாகவே நிற்கும். பக்கவாட்டில் அடிக்கிற காற்றும் லாபமில்லை. இதற்குக் கார்புரேட்டர் கழுவி என்ன பயன்? வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால்தான் பயன். 100 சிசி வண்டிகளுக்கு 40-லிருந்து 50 கி.மீ. வேகம் நல்ல இடம். எதிர்காற்று நாளில் 40-ஐ ஒட்டியே போங்கள்.

அடுத்தது, மைலேஜ் குறைந்தது என்று எப்படித் தெரிந்தது என்கிற கேள்வி. இதை நாங்கள் கேட்டால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. நம்பாமல் கேட்கவில்லைங்க. பெரும்பாலானோர் சொல்வது, "நூறு ரூபாய்க்குப் போட்டேன், இவ்வளவுதான் ஓடுச்சு" என்கிற கணக்கு. ஏற்கெனவே டேங்கில் எவ்வளவு இருந்தது, நின்றபோது எவ்வளவு மிச்சம் என்பது அதில் இல்லை.

சரியான வழி டேங்க்-டு-டேங்க். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டேங்க் வாய்க்குக் கீழே ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு அதுவரை போடச் சொல்லுங்கள். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 200 கி.மீ. ஓட்டிய பிறகு அதே பெட்ரோல் பங்கில், அதே மாதிரி நிறுத்தி, அதே அடையாளம் வரை போடுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை ஏறிய லிட்டரால் வகுத்தால் அதுதான் உங்கள் மைலேஜ்.

200 கி.மீ. எதற்கு என்றால், அடையாளத்தில் ஒரு 200 மி.லி. முன்பின் ஆவதை யாராலும் தவிர்க்க முடியாது. உண்மையில் 60 கொடுக்கிற வண்டியை ஒரே லிட்டரில் சோதித்தால், அந்த 200 மி.லி. பிசகினாலே 50 என்றும் காட்டும், 75 என்றும் காட்டும். அதே வண்டியை நாலு லிட்டருக்குச் சோதித்தால் 57-க்கும் 63-க்கும் நடுவில்தான் நிற்கும். ஒரு லிட்டர் கணக்கில் மனம் ஒடிந்து வருகிறவர்களையும், அதே கணக்கில் "எம்பது குடுக்குது" என்று பெருமைப்படுகிறவர்களையும் நாங்கள் தினமும் பார்க்கிறோம். இரண்டு பேருடைய வண்டியும் ஒன்றாகவே இருக்கலாம்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பாட்டில் டெஸ்ட் என்று ஒன்று செய்வோம். 100 மி.லி. பெட்ரோலை அளந்து பாட்டிலில் தொங்கவிட்டு, தீரும்வரை ஓட்டுவது. 7 கி.மீ. போனால் 70. ஒரே ஆள், சமதளம், 40 கி.மீ. வேகம், நடுவில் பிரேக் கிடையாது. அந்த எண் பொய் இல்லை. ஆனால் மனைவியையும் பிள்ளையையும் உட்கார வைத்து, காந்தி சிலை சிக்னலில் நின்று, சந்தைக்குள் முதல் கியரில் ஊர்ந்துபோகிற உங்கள் வாழ்க்கை அதில் இல்லை.

ஒரு விஷயத்தை மனசு விட்டுச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் "மைலேஜ் செட்டிங்" என்று கேட்டால் ஏர் ஸ்க்ரூவைத் திருகி, பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டைச் சின்னதாக்கி, பெட்ரோல் குறைவாகப் போகிற மாதிரி வைத்துக் கொடுப்போம். அப்படி எங்கள் கடையில் செட்டிங் செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்று, இரண்டு மூட்டைத் தேங்காயோடு ஆனைமலை ரோட்டில் போகும்போது பிஸ்டன் பிடித்து நின்றுவிட்டது. பின்சக்கரம் அப்படியே இறுகிவிட்டது. ஓட்டியவர் அடிபடாமல் தப்பியது கடவுள் புண்ணியம். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் இன்ஜினுக்குள் சூடு ஏறும். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் போகிறது, எனவே எண்ணெய்ப் பசையும் சேர்ந்து குறையும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் வால்வு வெந்துபோகும். மாதம் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பல ஆயிரம் செலவு. இனிமேல் அந்த செட்டிங்கை நாங்கள் செய்ய மாட்டோம். முன்பு எங்களிடம் செய்துகொண்டவர்கள் வண்டியைக் கொண்டுவந்தால் கம்பெனி அளவுக்கு மாற்றித் தருகிறோம், காசு வேண்டாம். பெட்ரோல் குழாயில் மாட்டுகிற காந்தம், டேங்கில் போடுகிற மாத்திரை இவற்றையும் நாங்கள் விற்பதில்லை, மாட்டிக் கொடுப்பதும் இல்லை.

உண்மையிலேயே மைலேஜைத் தின்கிறவை வேறு. டயரில் காற்றுக் குறைவு முதலாவது. அளவு செயின் கார்டிலோ பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும். ஆள் ஏற்றினால் பின்டயருக்குத் தனி அளவு உண்டு, அதையும் பாருங்கள். இரண்டாவது, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுவது. மழையில் நனைந்து டிரம்முக்குள் பிரேக் கட்டையைத் தள்ளுகிற கேம் இறுகிவிடும், மிதித்த பிரேக் முழுசாகத் திரும்பாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். சுற்றாமல் சட்டென்று நின்றால் அங்கேதான் உங்கள் பெட்ரோல் போகிறது. செயின் காய்ந்திருப்பதும், கிளட்ச் கேபிள் ப்ளே (கொஞ்சம் தளர்வு) இல்லாமல் விறைத்திருப்பதும் இதே கணக்குத்தான்.

நம் ஊருக்கென்றே ஒன்று, கயிறு மில். நார்த்தூள் பறக்கிற இடத்தில் நாள் முழுக்க வண்டி நிற்கிறவர்களுக்கு ஏர் ஃபில்டர், புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை தாங்காது. கார்புரேட்டர் வண்டிக்கு மூச்சு அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும், ப்ளக் கரியாக இருக்கும். ஆயில் தடவிய காகித ஃபில்டரை பெட்ரோலில் கழுவியோ காற்றடித்தோ திரும்பப் போடாதீர்கள், மாற்றத்தான் வேண்டும்.

எத்தனால் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2025-லிருந்து பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது நிஜம். மத்திய அரசின் திட்ட ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, பழைய வகை இருசக்கர வாகனங்களுக்கு 3 முதல் 4 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 60 கொடுத்த வண்டிக்கு அது இரண்டு, இரண்டரை கிலோமீட்டர். 60 கொடுத்தது 42 ஆகிவிட்டது என்றால் பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள், வண்டியில் வேறு ஏதோ இருக்கிறது. எத்தனாலால் எங்களுக்கு அதிகக் கவலை மைலேஜில் இல்லை, தண்ணீரில்தான். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய வண்டியை மழைக்காலத்தில் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் அடியில் தண்ணீர் பிரிந்து டேங்க் துருப்பிடிக்கும். மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

விடியற்காலையில் போட்டால் அதிகம் கிடைக்கும் என்கிற பேச்சும் உண்டு. பங்கின் டேங்க் பூமிக்கடியில் இருக்கிறது, காலையும் மதியமும் அதன் சூடு பெரிதாக மாறாது. அளவில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் 5 லிட்டர் அளவுக்கலனைக் கேளுங்கள். முத்திரையிட்ட கலன் எல்லாப் பங்கிலும் இருக்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மி.லி. வரைதான் முன்பின் அனுமதி.

இனி, ஒரு டேங்க் எவ்வளவு தூரம் போகும் என்பது. இதில்தான் ஆட்கள் நடுவழியில் நிற்கிறார்கள். ஸ்ப்ளெண்டர் ப்ளஸ் டேங்க் 9.8 லிட்டர். 60 என்று வைத்துப் பெருக்கினால் 588 கி.மீ. வரும். இந்த எண்ணை நம்பி யாரும் கிளம்பாதீர்கள். ஒன்றரை லிட்டரைத் தொடக்கூடாத பெட்ரோல் என்று ஒதுக்குங்கள். மிச்சம் 8.3. இரண்டு பேர், எதிர்காற்று, மலை என்றால் 48 என்று போடுங்கள். 398. அதாவது 400 கி.மீ.தான் கையில் உள்ள தூரம். டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கு டேங்கே 4 லிட்டர். சுமை ஏற்றி ஓட்டுகிறவர்கள் 120 கி.மீ. ஆனதும் பங்கைத் தேட ஆரம்பித்துவிடுங்கள். தங்கள் வண்டியின் சொந்த எண்ணைத் தெரிந்து வைத்திருந்து, டேங்க் நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குகிறவர் நிற்க மாட்டார்.

கார்புரேட்டர் வண்டியின் டேங்குக்குள் உயரமான குழாய் ஒன்று, தாழ்வான வழி ஒன்று இருக்கிறது. பெட்ரோலைத் திறந்து மூடுகிற காக் 'ஆன்'-இல் இருக்கும்போது உயரக் குழாய் வழியாக வரும். அதன் மட்டத்துக்குக் கீழே பெட்ரோல் இறங்கியதும் வண்டி திணறும், ரிசர்வுக்குத் திருப்புவீர்கள். பெட்ரோல் போட்டதும் திரும்ப 'ஆன்'-க்கு மாற்ற மறந்துவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கையே கிடையாது, ஒரேயடியாகத் தீரும். எங்களுக்கு ராத்திரி வருகிற போன்களில் இது ஒரு பங்கு.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வாங்கிய, கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்புகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அந்தக் காக்கே இல்லை. மீட்டரில் கோடு கோடாகக் குறையும், அவ்வளவுதான். டேங்கின் உள்வடிவம் மேலே அகலம், கீழே வண்டியின் சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) இடம் விட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். அதனால் மேல் கோடுகள் மெதுவாகவும் கடைசிக் கோடு விறுவிறுவென்றும் போகலாம். சைடு ஸ்டாண்டில் சாய்ந்தாலோ ஏற்றத்தில் நின்றாலோ டேங்குக்குள் அளவு பார்க்கிற மிதவை வேறு அளவு காட்டும். போன கோடையில் நம் வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு கோடு இருக்கிறது என்று வால்பாறைக்குக் கிளம்பி, ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசிகளில் ஏறும்போது நின்றுவிட்டார். 40 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை ஏறக்குறைய 3,500 அடி உயரம். இரண்டு பேரோடு வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே, சமதளக் கணக்குக்கு மேல் கால் லிட்டர் பக்கம் ஆகும். கைக்குழந்தையோடு காட்டுக்குள் இருட்டும் நேரத்தில் நின்றிருக்கிறார்கள். அங்கே யானை நடமாட்டம் உண்டு. அதைக் கேட்ட நாளிலிருந்து, மலை ஏறுகிற யாரையும் பாதி டேங்குக்குக் குறைவாக அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறோம்.

இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப் டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அதைக் குளிர வைப்பதும் வழவழப்பாக வைப்பதும் அந்தப் பெட்ரோல்தான். எப்போதும் கடைசிக் கோட்டிலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகிறது. அதற்காகக் கழுத்து வரை தளும்பவும் போடாதீர்கள். ஆவியைப் பிடித்து வைக்கிற கரித்தூள் டப்பா ஒன்று இந்த வண்டிகளில் இருக்கிறது. அதற்குள் பெட்ரோலே இறங்கினால் கெட்டுவிடும்.

இனி எங்கள் ஏற்பாடு. கல்லாவில் மஞ்சள் அட்டை வைத்திருக்கிறோம். தேதி, மீட்டர், லிட்டர் என்று மூன்றே கட்டம். மைலேஜ் புகார் என்றால் இரண்டு டேங்க் எழுதிக்கொண்டு வாருங்கள். டயர் காற்று, செயின், பிரேக், கிளட்ச் ப்ளே இந்த நான்கையும் காசில்லாமல் பார்த்துத் தருவோம். அதற்கப்புறமும் எண் சரியில்லை என்றால்தான் இன்ஜின் பக்கம் கை வைப்போம், அதுவும் உங்களிடம் சொல்லிவிட்டு. எழுதத் தெரியாத பெரியவர்கள் பங்கு ரசீதுகளை மட்டும் பத்திரமாக வைத்து, நிரப்பிய கையோடு இங்கே வந்து மீட்டரைக் காட்டிவிட்டுப் போனால் போதும். பையன்கள் எழுதி வைப்பார்கள்.

ஆடிப்பெருக்கு அன்று கடை விடுமுறை. குடும்பத்தோடு ஆழியாறு, வால்பாறை கிளம்புகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் 7 மணிக்குள் வந்து காற்றும் பிரேக்கும் பார்த்துக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஒர்க்‌ஷாப் ஆட்கள்.