ஊஞ்சலடியில் நடக்க வேண்டிய பயிற்சி

ஆசிரியருக்கு வணக்கம்.

பூங்கா, விளையாட்டுத் திடல் ஊழியர்களுக்குப் பயிற்சி முகாம்கள் அதிகம் நடக்க வேண்டும் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரை கேட்கிறது. நடக்கட்டும். ஆனால் காலை முதல் மாலை வரை அரங்கில் உட்காரவைத்துப் படம் காட்டி, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் முகாம் பத்து நடந்தாலும், ஒரு குழந்தையின் தலை கம்பியில் சிக்குவதைத் தடுக்காது. பயிற்சி ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் பக்கத்தில், ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு நடக்க வேண்டும்.

கம்பி இடைவெளியையே எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து 600 மி.மீ.க்கு மேலே, 89 முதல் 230 மி.மீ. வரை உள்ள சந்துதான் ஆபத்து. குழந்தை காலை விட்டு நுழையும். உடம்பு போய்விடும், தலை போகாது. கால் தரைக்கு எட்டாமல் கழுத்தில் தொங்க நேரும். இதைச் சோதிக்க 89-க்கு 157 மி.மீ. அளவில் ஒரு மரக்கட்டையும், 230 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டப் பலகையும் போதும். கட்டை நுழைகிற சந்தில் வட்டமும் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அப்போதே மூடிவிட வேண்டியதுதான். 25 மி.மீ. கம்பிகள் 80 மி.மீ. இடைவெளியில் நிற்கும் கிராதியில் ஒரு கம்பி கழன்று விழுந்தால் சந்து எவ்வளவு? 80, 25, 80 ஆக மொத்தம் 185. நேற்றுவரை பத்திரமாக இருந்த கிராதி இன்று பொறி. ஊழியர் 'ஒரு கம்பி இல்லை' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போனால் அது அவர் குற்றமில்லை. கட்டையைக் கையில் கொடுத்து நுழைத்துப் பார்க்கச் சொல்ல ஆளில்லை.

மணலிலும் இதே கதைதான். 2 மீட்டர் உயரத்திலிருந்து விழக்கூடிய இடத்தில் ஐரோப்பியத் தரமான ஈ.என். 1176 கேட்பது 200 மி.மீ. ஆழம், அதோடு கலைந்து போகும் அளவுக்காக இன்னும் 100. ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் வாயிலும் கால் பட்டுப் பட்டுக் குழி விழுந்துவிடும். ஓரத்தில் 300 இருக்கும்போதே குழந்தை விழும் இடத்தில் பாதிகூட இருக்காது. அளக்க வருகிறவர் பெரும்பாலும் ஓரத்தில்தான் அளக்கிறார். அடையாளம் போட்ட கம்பியைக் குழியின் நடுவில் குத்திப் பார்க்கப் பழக்க வேண்டும்.

ஊஞ்சல் கொக்கியின் வாய் 1 மி.மீ.க்கு மேல் திறந்திருந்தால் ஆடை நாடா சிக்கும். அதன் தேய்வு கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஏனென்றால் உரசுவது உள்வளைவு. ஏணியில் ஏறி, சங்கிலியைச் சற்றுத் தூக்கிப் பாரத்தை எடுத்தால்தான் பள்ளம் கண்ணில் படும்.

முகாமில் ஒரு சாதனத்தைச் சுற்றி வேலி போட்டு, வேண்டுமென்றே பத்துக் கோளாறுகளை வைத்துத் தேடச் சொல்லுங்கள். துருவும் உரிந்த வண்ணமும் எல்லோருக்கும் அகப்படும். தளர்ந்த போல்ட்டும் வாரிவிட்ட மணலும் தப்பிவிடும். எதைக் கற்றுத்தர வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். கண்டதை எழுதவும் பழக்க வேண்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல் யாருக்கும் உதவாது. 'கிழக்கு ஊஞ்சல், இடது சங்கிலி, மேல் கொக்கி பாதி தேய்ந்தது, இருக்கை கழற்றப்பட்டது, காலை 7.10' என்று இருந்தால் அடுத்து வருகிறவர் நேராக அங்கே போவார்.

நீச்சல்குளம் உள்ள இடங்களில் அமிலமும் குளோரின் மருந்தும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதை, இரண்டுக்கும் தனித்தனி வாளி, தனித்தனி அறை என்று காட்டியே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் விளையாட்டுத் திடல் பாதுகாப்பு ஆய்வாளர் சான்று 3 ஆண்டுகளுக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி தேர்வு எழுத வேண்டும். இந்த ஏற்பாடு எங்கும் வேண்டும். பூங்காத் துறை நடத்தும் மாநாடுகளின் இடங்களிலும் பாதியாவது பராமரிப்புப் பணியாளர்களுக்குப் போக வேண்டும்.

பயிற்சி பெற்றவருக்கு, மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் சாதனத்தை மூடும் உரிமையும் தேவை. மூடும் முறையையும் சொல்லித்தர வேண்டும். சங்கிலியை மேலே சுற்றிக் கட்டினால் குழந்தைகள் அவிழ்த்துவிடுவார்கள், தொங்கும் வளையத்தில் கழுத்து மாட்டவும் கூடும். இருக்கையையும் சங்கிலியையும் முழுதாகக் கழற்றி அறையில் வைத்துப் பூட்டுவதே சரி.

இப்படிக்கு,
பூங்காப் பராமரிப்புப் பயிற்சியாளர் ஒருவர்