"லினக்ஸ் என் சொத்து" என்று நோட்டீஸ் வந்தால்? – எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பில்லிங் கணினியிலோ சர்வரிலோ லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறோம் என்றதும் உங்களில் பலர் கேட்பது இதுதான்: "காசில்லாமல் கிடைக்கிறதே, நாளைக்கு எவனாவது இது என்னுடையது என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்?" நியாயமான பயம். அமெரிக்காவில் அப்படி நடந்தும் இருக்கிறது.

2003 மார்ச்சில் எஸ்சிஓ குரூப் என்ற நிறுவனம் யூட்டா மாநிலத்தில் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. யூனிக்ஸ் இயங்குதளம் எங்கள் உடைமை, அதன் நிரலை ஐபிஎம் லினக்ஸுக்குள் சேர்த்துவிட்டது என்பது புகார். கேட்ட இழப்பீடு 100 கோடி டாலருக்குக் குறையாமல். வழக்கு ஐபிஎம்மோடு நிற்கவில்லை. மே மாதம் சுமார் 1,500 பெரிய நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. ஆகஸ்டில் விலையே சொல்லிவிட்டார்கள்: லினக்ஸ் ஓடும், ஒரு ப்ராசஸர் உள்ள சர்வருக்கு உரிமக் கட்டணம் 699 டாலர். அடுத்த ஆண்டு, கார் உதிரிபாகக் கடைகள் நடத்தும் ஆட்டோசோன் மீது வழக்கு வந்தது. அவர்கள் லினக்ஸை எழுதியவர்கள் அல்ல, உங்களைப் போலப் பயன்படுத்தியவர்கள்.

லினக்ஸ் எழுதியவர்கள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: எந்தக் கோப்பு, எந்த வரி? திருட்டு நிரல் இருந்தால் காட்டுங்கள், எடுத்துவிடுகிறோம் என்றார்கள். அந்த ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த தங்கள் கூட்டத்தில் எஸ்சிஓ சில வரிகளைத் திரையில் காட்டியது, அதிலும் ஒரு பகுதியைக் கிரேக்க எழுத்துருவில் மறைத்து. படம் வெளியே வந்த சில நாட்களிலேயே அந்த வரிகளின் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒன்று, நினைவகம் ஒதுக்கும் பழைய யூனிக்ஸ் காலத்து நிரல், முன்பே பொதுவில் வெளியாகியிருந்தது. மற்றொன்று, பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்து யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் பிஎஸ்டி உரிமத்தில் எப்போதோ வெளியாகியிருந்த, நெட்வொர்க்கில் வரும் தகவல் துண்டுகளைப் பிரிக்கும் பாக்கெட் வடிகட்டியைச் சேர்ந்தது. லினக்ஸின் மூல நிரல், அதாவது எழுதியவர்கள் எழுதிய வரிகள், எல்லார் கண்ணுக்கும் திறந்து கிடந்ததால்தான் இந்தச் சோதனை அத்தனை வேகமாக முடிந்தது. நாங்கள் லினக்ஸை நம்பி விற்பதற்கு முதல் காரணம் இதுவே. 2006இல் நீதிமன்றமும், எதைத் திருடினார்கள் என்று குறிப்பாகச் சொல்லவில்லை என்பதற்காகவே எஸ்சிஓவின் குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதியைத் தள்ளியது.

இதற்கிடையே யூனிக்ஸை முன்பு வைத்திருந்த நாவெல் நிறுவனம், 1995இல் நாங்கள் யூனிக்ஸ் வியாபாரத்தைத்தான் விற்றோம், பதிப்புரிமையை விற்கவில்லை என்றது. 2007இல் நீதிபதி அதை ஏற்றார். அடுத்த மாதமே எஸ்சிஓ திவால் பாதுகாப்பு கேட்டது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி ஜூரியிடம் போனாலும், 2010இல் ஜூரி சொன்னதும் அதே பதில்தான். ஐபிஎம் வழக்கு மட்டும் 2021 வரை இழுத்தது. மீதமிருந்த கோரிக்கைகளுக்காக எஸ்சிஓவின் திவால் நிர்வாகிக்கு 1.425 கோடி டாலர் தந்து ஐபிஎம் அதை முடித்துக்கொண்டது.

இனி உங்கள் விஷயம். காசில்லாமல் கிடைப்பதால் லினக்ஸ் கேட்பாரற்ற சொத்து ஆகிவிடாது. எழுதிய ஒவ்வொருவருக்கும் பதிப்புரிமை உண்டு. யாரும் பயன்படுத்தலாம், பகிரலாம் என்று சில நிபந்தனைகளோடு அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தின் பேரில் நமக்குத் தந்திருக்கிறார்கள். உங்கள் கடைக்குள் பயன்படுத்த எந்தக் கட்டணமும் இல்லை. அதையே நகலெடுத்து இன்னொருவருக்கு விற்றால் மூல நிரலையும் சேர்த்துத் தரவேண்டும். நாங்களும் உங்களுக்கு அப்படித்தான் தருகிறோம். பில்லோடு இணைத்திருக்கும் தாளில், உங்கள் கணினியில் உள்ள ஒவ்வொரு மென்பொருளின் பெயரும் உரிமமும் இருக்கும்.

யாரும் ஒருநாளும் உரிமை கோரமாட்டார்கள் என்று எங்களால் எழுதித் தர முடியாது. ஜிபிஎல்லே எந்த உத்தரவாதமும் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் பதறிப்போய்ப் பணம் கட்டாதீர்கள். கணினியில் எதையும் அழிக்கவும் வேண்டாம். நோட்டீஸையும் அந்தத் தாளையும் உங்கள் வக்கீலிடம் கொடுத்து, எந்தக் கோப்பு, எந்த வரி என்று அவர் மூலமாகவே எழுத்தில் கேளுங்கள். தொழில்நுட்ப விளக்கம் தேவைப்பட்டால் அவரோடு உட்கார்ந்து பேச நாங்கள் வருகிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது. தாள் தொலைந்திருந்தால் பில் எண்ணைச் சொல்லுங்கள், புதிதாக அச்சிட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கணினிக் கடையினர்